பதினொரு பேர்

நாட்டு ஜனமெல்லாம் கடற்கரை நகரங்களில் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்க, அந்த வறண்ட மாவட்டத்தில் மிஞ்சியது வானிலை நிலையத்து வேலைக்காக இருந்த அவள் ஒருத்திதான். அவள் ஊரின் மற்ற பத்து வீடுகளும் காலியாகி ஆறு வருஷமாயிற்று. மத்தியானம் மக்கள்தொகை கணக்கெடுக்க வந்தவர் அவள் பெயரை எழுதிக்கொண்டார்.

“உங்களையும் சேர்த்து பதினொரு பேரும்மா. வீட்டுக்கு ஒருத்தர்.”

“எந்த வீட்டுல?”

“எல்லா வீட்டுலயும்தான். எல்லாரும் உங்களைத்தான் விசாரிச்சாங்க.”

அவள் அந்தக் காலி வீடுகளைத் திரும்பிப் பார்த்தாள். “என்னன்னு?”

“‘அந்தப் பொண்ணு தனியா கெடக்குதே, சாப்பிட்டுச்சா’ன்னு.”

ஜீப் புழுதியில் மறைந்தது. தாழ்ப்பாள் போடப் போனவள் அதைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றாள். பிறகு கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு உள்ளே போய், பெரிய பாத்திரமாகப் பார்த்து டீக்குத் தண்ணீர் வைத்தாள்.