ஆட்சேபம் உண்டா?

"இந்தம்மாவுக்குப் பள்ளத்துல சொந்தமா நிலம் இருக்கு!" என்று பேரூராட்சித் தலைவர் மைக்கில் சொன்னதும் அரங்கமே வாயைப் பிளந்தது.

மேடையில் அவருக்கு அடுத்த நாற்காலியில்தான் திட்ட அலுவலர் உட்கார்ந்திருந்தாள். எல்லாக் கண்களும் அவள்மேல் பாய்ந்தன. அவள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, நிதானமாக மறுபடி மாட்டிக்கொண்டாள்.

எந்த நிலத்தில் என்ன வரலாம், என்ன வரக் கூடாது என்று வரைந்து முத்திரை குத்த உரிமம் பெற்றவள் அவள். அப்படிப்பட்டவள் தான் வரைகிற எல்லைக்குள் ஒரு கைப்பிடி மண்கூட வைத்திருக்கக் கூடாது. அந்தத் தொழிலின் அரிச்சுவடியே அதுதான்.

பள்ளம் என்பது ஊர் மழைத்தண்ணீரெல்லாம் இறங்கி ஓடுகிற இடம். அவள் வரைபடத்தில் அதற்கு நீலம் தீட்டியிருந்தாள். தண்ணீரின் வழி, கட்டடம் கூடாது என்று அர்த்தம். தலைவர் அதை மஞ்சளாக்கச் சொன்னார். மஞ்சள் என்றால் வீட்டுமனை.

பள்ளத்தைத் தூர்த்து மனை போட்டால் தண்ணீர் எங்கே போகும்? பின்னால் இருக்கிற தெருக்களுக்குள்தான் போகும். போன மழைக்கே அங்கே கட்டில் மிதந்தது.

மஞ்சளுக்கு முத்திரை போட மாட்டேன் என்றாள். கெஞ்சிப் பார்த்தார்கள், மிரட்டிப் பார்த்தார்கள். ஊஹூம், மசியவில்லை. கடைசியில் தலைவர் வெளியூரிலிருந்து ஓர் உரிமக்காரரைப் பிடித்து வந்தார். அந்தப் புண்ணியவான் பள்ளத்தை எட்டிக்கூடப் பார்க்காமல் குத்திவிட்டுப் போனார். நன்றாக இருக்கட்டும்!

இன்று அந்த மஞ்சள் வரைபடத்தைத் தீர்மானமாக்கும் இறுதிக் கூட்டம். அலுவலர் என்ற முறையில் அவளும் மேடையில் இருந்தாக வேண்டும். ஆனால் தலைவர் கேட்டாலொழிய வாய் திறக்கக் கூடாது. தலைவர் கேட்பாரா? தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ள அவருக்கென்ன பைத்தியமா?

"உண்மையா இல்லையா? சொல்லுங்கம்மா."

"உண்மைதான். முந்தாநாள் வாங்கினேன்."

அரங்கம் கொதித்தது. கடைசியில் நின்றிருந்த தெருக்காரர்கள்தான் அதிகம் கொதித்தார்கள். அவளை நம்பித்தானே வந்திருந்தார்கள்!

"நீயுமாம்மா?" என்று ஒரு பெண்குரல் உடைந்து கேட்டது. போன மழையில் தையல் மெஷினைத் தண்ணீருக்குக் கொடுத்தவள். அவளுக்காகத்தான் அலுவலர் முதன்முதலில் தலைவரோடு சண்டைக்குப் போனாள். அந்தக் குரல் வலித்தது. இருந்தும் அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

தலைவருக்கோ தலைகால் புரியவில்லை. நேர்மை, நாணயம், தொழில் தர்மம் என்று அவர் வாயிலிருந்து என்னென்னவோ வந்தது. அடையாள அட்டையைக் கழற்றி வாங்கி, மேடையைவிட்டு இறங்கிப் போகச் சொன்னார். உரிமத்தைப் பறிக்கச் சொல்லி இன்றைக்கே எழுதுவேன் என்றார்.

அவள் கைப்பையிலிருந்து முத்திரையை எடுத்து மேசைமேல் வைத்தாள். இரண்டு தடவை தேர்வில் தோற்று, மூன்றாம் தடவை ஜெயித்து வாங்கியது. பொய் சொல்வானேன், அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இவர் முன்னாலா அழுவது என்று விழுங்கிக்கொண்டு படியிறங்கினாள்.

தலைவர் சட்டையைச் சரிசெய்துகொண்டு, எங்கோ அவசரமாகப் போக வேண்டியவர்போல ஒப்பித்தார்: "எல்லைக்குள்ள நிலம் உள்ளவங்க யாருக்காவது ஆட்சேபம் உண்டா?"

சட்டப்படி கேட்டே ஆக வேண்டிய கேள்வி. எல்லைக்குள் நிலம் உள்ளவர் ஒருவர் எழுந்துவிட்டால், அவர் பேசி முடித்து, அதற்குத் தலைவர் பதில் சொல்லும்வரை தீர்மானம் போட முடியாது. தெருக்காரர்கள் எல்லைக்கு வெளியே இருப்பவர்கள். தொண்டை கிழியக் கத்தினாலும் அது கணக்கில் சேராது. நிலக்காரர்கள் எல்லோரும் மனை போடுகிறவரிடம் கைநீட்டிக் காசு வாங்கிவிட்டு வாயை மூடிக்கொண்டவர்கள். ஆகவே அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "ஆட்சேபம் இல்..." என்று ஆரம்பித்தார்.

டக், டக்.

பார்வையாளர் பக்கத்து மைக்கை யாரோ விரலால் தட்டினார்கள்.

அவள்தான். நடுப்பள்ளத்தில், வருஷம் முழுக்கச் சேறாகக் கிடந்து, மனை போடுகிறவரே சீந்தாமல் விட்ட ஒரு துண்டு நிலத்துக்குச் சொந்தக்காரி. மேடையில் இருக்கும்வரை அவள் வாய் தலைவருடையது. அவரே எல்லோர் முன்னாலும் கீழே இறக்கிவிட்டால்தான் அது அவளுடையது.

நேற்று தலைவருக்குப் போன் செய்து அவளைக் காட்டிக்கொடுத்தவன் கடைசி வரிசையில் ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி உட்கார்ந்திருந்தான். பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவன், அவள் கணவன். குரலை மாற்றிப் பேசத் தெரியாமல் இருமி இருமியே விஷயத்தைச் சொல்லியிருந்தான். எல்லைக்குள் யார் நிலம் வாங்கினாலும் கூட்டத்துக்கு முன்பே தலைவருக்குத் தெரிவித்துவிட வேண்டும் என்பது விதி. தெரிவித்தாயிற்று. யார் குரலில் என்று விதி சொல்லவில்லை.

"உங்களைத்தான் போகச் சொன்னேன்ல?" என்றார் தலைவர்.

"நீங்க அனுப்பினது அலுவலரைங்க," என்றாள் அவள், மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டே. "நான் பள்ளத்து நிலக்காரி. எனக்கு ஆட்சேபம் இருக்கு. உட்காருங்க, ரொம்ப நேரம் ஆகும்."