ஒன்பதாவது வாக்கியம்

பிப்ரவரி 11, செவ்வாய்.

இன்று இங்கிலீஷ் வகுப்பில் ஒரு சின்னத் தவறு செய்தேன். ‘ரன்’ என்ற சொல்லுக்கு ஒன்பது அர்த்தத்தில் ஒன்பது வாக்கியம் எழுதிவரச் சொல்லியிருந்தார் யூஜின் சார். நான் எழுதியது எட்டு. ஒன்பது என்று எண்ணை மட்டும் போட்டு, எதிரே ஒன்றும் எழுதாமல் நோட்டை நீட்டிவிட்டேன்.

எண்ணையே போட்டிருக்கக் கூடாது.

“மூணு வாரமா இன்னும் யோசிச்சிட்டே இருக்கியாம்மா?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

சார் கெட்டவர் இல்லை. அவருக்குத் தெரியாது. வகுப்பு சிவாஜிநகரில் நடக்கிறது. எங்கள் ஜோகுபாளையத்துச் செய்தி அங்கே எட்டவில்லை. மூன்று வாரம் வராததற்குக் காய்ச்சல் என்றுதான் சொல்லியிருந்தேன்.

அந்த எட்டும் என் அண்ணன் தினேஷ் சொன்னவை. கழிவுநீர்த் தொட்டிக்குள் நின்றுகொண்டு சொன்னான்.

நாளை போலீஸ் ஸ்டேஷனில் இதையெல்லாம் சொல்ல வேண்டும். எனக்குக் கோவையாகச் சொல்ல வராது. அதனால் வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

நான் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கும் அபார்ட்மென்டில், மூன்று வாரத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேஸ்மென்ட் தொட்டியின் மோட்டாரில் துணி சிக்கிக்கொண்டது. தொட்டிக்குள் ஆளை இறக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. சூப்பர்வைசர் அசோகன் தினேஷுக்கு போன் செய்தார்.

தினேஷ் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினான். கயிறு அசோகன் கையில். குரல் என்னிடம்.

குரல் பிடிப்பது எங்கள் அப்பா மேன்ஹோலில் இறங்கிய காலத்து வழக்கம். உள்ளே ஆள் இருக்கும்வரை மேலே ஒருவர் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பாட்டு உதவாது. ‘இருக்கேன், இருக்கேன்’ என்ற பதிலும் உதவாது. விஷக்காற்று தலைக்கேறியவன்கூட அதைச் சொல்லிக்கொண்டிருப்பான். யோசித்துப் பதில் சொல்லும்படியான கேள்வியாக இருக்க வேண்டும். ஒரு பதில் தப்பினாலும் உடனே இழுத்துவிட வேண்டும்.

அப்பா சினிமாப் பெயர்கள் கேட்பாராம். எனக்கு மறுநாள் வீட்டுப்பாடம் இருந்தது.

“ரன்!” என்று உள்ளே பார்த்துக் கத்தினேன்.

என் பாடத்தையெல்லாம் என்னைவிட அவன்தான் நன்றாக மனப்பாடம் செய்வான். ராத்திரி சாப்பிடும்போது ஒப்பிக்கச் சொல்லிக் கேட்பான்.

“ஓடுறது. கிரிக்கெட்ல எடுக்கிறது. மூக்கு ஒழுகுறது, ஒனக்கு எப்பவும் ஒழுகுமே, அது.”

“நாலு?”

“கிருஷ்ணப்பா டீக்கடை நடத்துறாரு பாரு, அது. அஞ்சு, பஸ்ஸு. ஆறு, சட்டை சாயம் போறது. ஏழு, மோட்டாரு ஓடுறது. இந்தச் சனியன் எங்க ஓடுது!”

“எட்டு?”

“எலெக்‌ஷன்ல நிக்கிறது. இன்னாடி ரூபி இது, நிக்கிறதுக்கும் ஓடுறதுக்கும் ஒரே வார்த்தையா? வெள்ளக்காரன் லூசா?”

அசோகன்கூடச் சிரித்தார். தொட்டியின் வாயில் அண்ணனின் சிரிப்பும் கேட்டது.

“ஒன்பது?” என்றேன்.

ஒன்பதாவது அர்த்தம் முந்தின ராத்திரி எங்கள் இரண்டு பேருக்குமே அகப்படவில்லை.

பதில் வரவில்லை.

மேலே இழுத்துப் போட்டபோது அவன் உதடுகள் நீலமாக இருந்தன. ஆஸ்பத்திரியில் நாடி பார்த்துவிட்டு, உடம்பை எடுத்துப் போக யார் வருவார்கள் என்று கேட்டார்கள்.

நேற்று அசோகன் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

“தம்பி உள்ள எறங்கவே இல்ல. எட்டிப் பாத்தான், வழுக்கி வுழுந்துட்டான். அத மட்டும் சொல்லும்மா, பேகா, சீக்கிரமா முடிஞ்சிடும். ஒன்னயும் சேத்துதான் காப்பாத்துறேன்.”

“எம்புள்ளய எறக்கி வுட்டுட்டு எம்பொண்ணக் காப்பாத்த வந்துட்டியா? போய்யா!” என்று அம்மா கதவை அறைந்து சாத்தினாள்.

சாத்திய பிறகும் கதவைப் பார்த்தே கத்தினாள். ஒரு பேச்சு, ஒரு சத்தம் நின்றால் இழுத்துவிட வேண்டும் என்று அந்த அசோகனுக்குத் தெரியாதா, கையில் கயிற்றை வைத்துக்கொண்டு என்ன பண்ணினான் என்று கேட்டாள். நாளை ஸ்டேஷனிலும் அதையே கேட்கப்போகிறாளாம்.

அசோகன் சொன்னது அம்மாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

மேலே எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். வரிசை சரியாகத்தான் இருக்கிறது. ஒரு இடத்தில் மட்டும் விட்டிருக்கிறேன். ‘பதில் வரவில்லை’ என்பதற்கும் ‘மேலே இழுத்துப் போட்டபோது’ என்பதற்கும் நடுவில்.

பதில் வராததும் அசோகன் கயிற்றை இழுக்க ஆரம்பித்தார்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். “இருங்கண்ணா. யோசிச்சிட்டிருக்கான்” என்றேன்.

அவர் கயிற்றைத் தளர விட்டார். எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று எனக்குத் தெரியாது. ஒருமுறை குனிந்து, “மெதுவா சொல்லுண்ணா, அவசரமில்ல” என்றுகூடச் சொன்னேன்.

நாளை காலை பத்து மணிக்கு ஸ்டேஷன். தினேஷை இறங்கச் சொன்னது யார் என்று சொல்ல வேண்டும். கயிற்றை நிறுத்தியது யார் என்றும் சொல்ல வேண்டும்.

அதற்கு முன்னால், வீட்டை விட்டுக் கிளம்புவதற்குள், அம்மாவிடம்.