நான்காவது தாடை

அந்த இரண்டு அட்டை இனங்களையும் வெளியிலிருந்து பார்த்துப் பிரிக்க முடியாது. வாயை அறுத்துத் தாடைகளை எண்ண வேண்டும். ஒன்றுக்கு இரண்டு, மற்றதற்கு மூன்று. அருங்காட்சியகத்தில் அவளுக்கு அதுதான் வேலை.

பதினோரு வருடமாக ஸ்பிரிட் ஊற்றி மூடிவைத்திருந்த புட்டியிலிருந்து அன்று காலை எடுத்த அட்டைக்கு நான்கு இருந்தன. வயிற்றையும் கீறிப் பார்த்தாள். வெதுவெதுப்பான ரத்தம் கொழகொழவென்று விரல்களில் வழிந்தது.

"நாலா? ஒண்ண ரெண்டா வெட்டியிருப்பே. கண்ணாடிய மாத்து தாயே," என்று பக்கத்து மேசைக்காரர் சிரித்தார்.

அவள் 'மூன்று' என்று எழுதி, அட்டையைப் புட்டிக்குள் போட்டு இறுக்கி மூடினாள். கையை ஆறு முறை கழுவியும் பிசுபிசுப்பு போகவில்லை.

வீட்டில் அவள் மகள் ஒரு வாரமாக வெளுத்துப்போய்ப் படுக்கையில் கிடந்தாள். மருத்துவருக்கும் காரணம் பிடிபடவில்லை. சாயங்காலம் அவளுக்குத் தலை வாரிவிடும்போது, காதுக்குப் பின்னால் ஈரமாக ஒரு கடிவாய் தெரிந்தது. ஸ்பிரிட் வாடை அடித்தது. பழக்கதோஷத்தில் கீறல்களை எண்ணினாள். நான்கு.

"என்னடி கண்ணு இது?"

"தினமும் மத்தியானம் வருமேம்மா, அதுதான்," என்றாள் மகள். "பாவம், இன்னைக்கு அதுக்கு வயித்துல காயம். குடிக்கக் குடிக்க ஒழுகிட்டே இருந்துச்சு."