கதிர் வரட்டும்

நட்ட பயிர் பச்சை பிடித்துவிட்டது. வரப்பில் குந்தியிருந்த கன்னியப்பன் அதைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"இன்னாய்யா, கொழந்த கணக்கா தடவிக்கினு கீற?" என்றாள் மனைவி தேவகி.

"இந்த நெலத்துல கதிரப் பாத்து எத்தினி வருசமாச்சு! இந்த வாட்டியாவது வரட்டுமே."

செருப்பைக் கழற்றாமல் வரப்பில் வந்து நின்றான் மேனேஜர் ரோஹித்.

"அண்ணே, எல்லாத்தையும் பிடுங்கிட்டு சேறு கலக்கிடுங்க. நாளைக்கு ஐ.டி. கம்பெனி கெஸ்ட்டுங்க நடவு நட வர்றாங்க."

"வேர் புடிச்சிருச்சே, தம்பி..."

"கெஸ்ட்டுங்க நட்டு போட்டோ எடுக்கத்தானே ரிசார்ட்டுக்குள்ள வயலே வச்சிருக்கோம்? சாப்பாட்டுக்கு அரிசி லாரில வருதுல்ல."

இருவரும் சேற்றில் இறங்கிப் பிடுங்கினார்கள். ஒரு கொத்தை மட்டும் தேவகி மடியில் செருகிக்கொண்டாள்.

"வூட்டாண்ட பழைய பக்கெட்டு ஒண்ணு சும்மா கீது. அதுல நட்டா எவனும் புடுங்க வரமாட்டான்."