சங்கத்துக் காமிரா

"கை தட்டுனது போதும் மயிலா. கையைக் கீழ போடு."

கணவர் தங்கவேலு அதட்டியதும் மயிலாள் கையை மடியில் வைத்துக்கொண்டாள். ஹாலில் இருந்த மற்றவர்கள் நிறுத்துவதாக இல்லை. படம் பாதிகூட ஓடவில்லை, அதற்குள் இத்தனை கைதட்டலா என்று தங்கவேலுவுக்கு வயிறு எரிந்தது. பொறாமை என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். ஆனால் அது பொறாமைதான்.

பனியன் கம்பெனியின் கட்டிங் மேஜைகளைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு, வெளுத்த பனியன் துணியையே திரையாக இழுத்துக் கட்டியிருந்தார்கள். திருப்பூர் எட்டு எம்.எம். சினிமா சங்கத்தின் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றாம் வருடப் போட்டி. உள்ளூர்க்காரர்கள் எடுத்த குட்டிப் படங்கள், எல்லாமே ஊமைப் படங்கள். சங்கத்துக்கு இருப்பது ஒரே காமிரா. எந்தப் படத்துக்குக் கைதட்டல் அதிகமோ, அதை எடுத்தவர் வீட்டில் அடுத்த ஒரு வருடம் அந்தக் காமிரா இருக்கும். மற்றவர்கள் அங்கே போய் இரவல் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

சங்கம் ஆரம்பித்த நாளிலிருந்து அது தங்கவேலுவின் பீரோவில்தான் இருக்கிறது. இரவல் கேட்டு வாசலில் ஆள் நிற்பதில் அவருக்கு ஒரு தனி சுகம். அவர் படம் எடுக்கக் கிளம்பினால், காமிராமேல் வெயில் படாமல் மயிலாள் குடை பிடித்துக்கொண்டே பக்கத்தில் நிற்பாள். குடை கொஞ்சம் சாய்ந்தாலும் அதட்டுவார். அந்தப் பெருமையெல்லாம் இன்றோடு போய்விடும் போலிருந்தது. அதுவும் யாரிடம்? மயிலாளின் தம்பி ரத்தினசாமியிடம்.

முதலில் ஓடியது தங்கவேலுவின் 'தாராபுரம் சந்தை'. மரியாதைக்குத் தட்டினார்கள். அடுத்தது, இப்போது ஓடிக்கொண்டிருக்கும் ரத்தினசாமியின் படம். பனியன் கம்பெனியில் வேலை செய்யும் ஒருவனுக்குச் சொந்தமாக இருப்பது ஒரே ஒரு பனியன். காயப்போட்ட அதைக் காற்று அடித்துக்கொண்டு போக, வெற்றுடம்போடு ஊரெல்லாம் துரத்தி ஓடுகிறான். ரத்தினசாமியே அந்தத் தொழிலாளியாக நடித்திருந்தான்.

"இப்பப் பாருங்க மாமா," என்றாள் மயிலாள்.

திரையில் நொய்யல் கரை. வெளுத்த பனியன்கள் கரை நெடுகக் காய்ந்துகொண்டிருந்தன. நடுவே சட்டையில்லாமல் அவன் நிற்க, காமிரா மெல்லப் பின்னால் போகிறது. அவன் சின்னவனாகிக்கொண்டே போகிறான், பனியன்கள் பெருகிக்கொண்டே வருகின்றன. ஒன்றைக்கூட அவன் தொடவில்லை. படம் முடிந்தது.

கைதட்டலில் தகரக் கூரை அதிர்ந்தது.

"நல்லாருக்குதுங்களா மாமா?"

"என்னையக் கேக்காதே."

"சும்மா சொல்லுங்க. நெசமாலுமே நல்லாருக்குதா?"

"நல்லாத்தான் இருக்குது, போதுமா? இத்தன வருசத்துல இப்படி ஒண்ணு நான் எடுத்ததில்ல. அந்த வெளிச்சத்தப் பாத்தியா? கை துளி ஆடல. வயிறெரியுது புள்ள."

மயிலாள் முகமெல்லாம் சிரிப்பாகத் தலையைக் குனிந்துகொண்டாள். பிறந்த வீட்டுக்குப் பெருமை என்றால் இவளுக்கு எங்கிருந்துதான் இந்தச் சிரிப்பு வருகிறதோ என்று அவருக்கு இன்னும் எரிந்தது.

"நான் சரக்கோட கல்கத்தா போயிருந்தப்பத்தான உன்ற தம்பி காமிராவ வாங்கிட்டுப் போனான்? நீயும் அவங்கூடவே வீரபாண்டிக்கு உங்க ஊட்டுக்குத்தான போயிருந்தே. எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

"நீங்க கேக்கலீங்களே."

அதற்குள் சங்கத் தலைவர் நாச்சிமுத்து காமிராவைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். "கைதட்டுல சந்தேகமே இல்லீங்க. இந்த வருசம் காமிரா நம்ம ரத்தினசாமி ஊட்டுக்கு..."

அப்போதுதான் தங்கவேலுவுக்குப் பொறி தட்டியது. படம் முழுக்க ரத்தினசாமி வருகிறான். ஓடுகிறான், விழுகிறான், நிற்கிறான். அவன் இல்லாத இடமே இல்லை.

"ஒரு நிமிசமுங்க தலைவரே." எழுந்துவிட்டார்.

மயிலாள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "உக்காருங்க மாமா. வேண்டாமுங்க."

தம்பியைக் காப்பாற்றப் பார்க்கிறாள் என்று அவர் கையை உதறினார்.

"ஏன் மாப்ள, படம் பூரா நீயே வர்றே. அப்ப காமிராவப் புடிச்சது ஆரு? கோயமுத்தூர்ல இருந்து ஸ்டூடியோ ஆளக் கூட்டியாந்தியா?"

ரத்தினசாமி தரையைப் பார்த்தான். "அத ஊட்ல போய்ப் பேசிக்கலாமுங்க மாமா."

"சபையில கேட்டா சபையிலதான் சொல்லோணும். கதை சொன்னவனுக்கும் பரிசு இல்ல, நடிச்சவனுக்கும் இல்ல. காமிராவப் புடிச்சவங்களுக்குத்தான். நான் போட்ட சட்டமுங்க இது, மறந்துடாதீங்க."

நாச்சிமுத்து தலையாட்டினார். "தங்கவேலு சொல்றது நாயந்தான். புடிச்சது வெளியாளா கண்ணு?"

"வெளியாளு இல்லீங்க. சங்கத்துக் குடும்பந்தானுங்க."

"அப்பறமென்ன? ஆருன்னு சொல்லு. அவங்க கையிலயே குடுத்துடலாம்."

தங்கவேலு வெற்றியோடு நெஞ்சை நிமிர்த்தினார். ரத்தினசாமி அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பக்கத்து நாற்காலியைப் பார்த்தான்.

"எந்திரி அக்கா."

மயிலாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் போனாள். காமிராவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு திரும்பி வந்து, நின்றபடியே இருந்த கணவரின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கைதட்டல் அடங்கும்வரை காத்திருந்தாள்.

"நாளைக்கு ஆத்துப் பக்கம் போகோணும் மாமா. குடை புடிக்க வாரீங்களா?"