பார்த்து எழுதிய வீடு

மோனிஷ் தன் கவிதையைப் படித்து முடித்ததும் டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எங்கள் வீடு மாடி வீடு" என்று தொடங்கியிருந்தான். அவன் இருப்பது பஞ்சாலைக்குப் பின்னால், சிமென்ட் ஷீட் போட்ட லைன் வீட்டில். நானும் பாப்பாவும் பாட்டுப் பாடுவோம் என்றான். அவன் வீட்டில் பாப்பாவும் கிடையாது.

அடுத்து எழுந்த சஞ்சித்துக்கும் மாடி வீடு. அவனுக்கும் ஒரு பாப்பா.

மூன்றாவதாக ரிதன்யாவும் அதையே படிக்க, அவள் திரும்பிக் கரும்பலகையைப் பார்த்தாள்.

மாதிரிக்கென்று அவள் எழுதிப் போட்ட கவிதை. உங்கள் வீட்டைப் பற்றி இது மாதிரி எழுதுங்கள் என்று சொல்லிவிட்டுத் தலைமையாசிரியர் அறைக்குப் போய்வந்தாள். அதற்குள் நாலாம் வகுப்பு மொத்தமும் அவள் வீட்டுக்குக் குடிவந்துவிட்டது.

கோபப்பட்டு என்ன செய்ய? பலகையில் இருப்பதை ஒரு எழுத்துப் பிசகாமல் எழுத வேண்டும் என்று ஒன்றாம் வகுப்பிலிருந்து சொல்லிக்கொடுத்தவர்களில் அவளும் ஒருத்தி. விதைத்ததுதானே முளைக்கும்.

அதோடு இன்று அவளுக்கு எதிலும் மனம் நிற்கவில்லை. சாப்பாட்டு மணி அடித்ததும் கணவனின் சித்தப்பா போன் செய்வார். திரும்பி வருகிறாயா இல்லையா என்று அவருக்கு இன்று பதில் சொல்லியாக வேண்டும்.

கோடை விடுமுறையில் மகளைக் கூட்டிக்கொண்டு கணவன் வீட்டை விட்டு வந்தவள். பள்ளிக்கு எதிரே ஒற்றை அறையில் இருக்கிறாள்.

ஏன் வந்தாய் என்று அண்ணன் கேட்டான். அம்மா கேட்டாள். சித்தப்பாவும் கேட்டார்.

கணவன் அடித்ததில்லை. குடித்ததில்லை. கெட்ட வார்த்தை ஒன்று சொன்னதில்லை.

பின் ஏன்?

அவளுக்கே தெரியவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. நல்ல மனிதனை விட்டுவிட்டு வந்தவள் என்று ஊர் சொல்வது நிஜமாகவே இருக்குமோ? வீட்டுக் கதவு உனக்காகத் திறந்தே இருக்கிறது என்று சித்தப்பா சொல்லியிருந்தார். போய்விடலாம் என்றுதான் காலையில் மகளுக்குத் தலை வாரும்போது நினைத்தாள்.

நிவிஷா எழுந்தாள்.

எங்கள் வீடு மாடி வீடு.

முருங்கை மரம் மாடியை எட்டும்.

நானும் பாப்பாவும் பாட்டுப் பாடுவோம்.

கதவுச் சத்தம் கேட்டால்…

அங்கேயே நின்றுவிட்டாள்.

மேலே படி என்றதற்கு, எழுதவில்லை என்றாள். பலகையில் இருக்கிறது பார் என்று பக்கத்துப் பெண் முழங்கையால் இடித்தாள்.

"அது தப்பா இருக்குதுங்க டீச்சர்."

வகுப்பே நிவிஷாவைத் திரும்பிப் பார்த்தது. டீச்சர் எழுதியது தப்பு என்று அங்கே யாரும் சொன்னதில்லை.

டீச்சர் பலகையில் கடைசி வரியைப் பார்த்தாள்.

கதவுச் சத்தம் கேட்டால் பாட்டை நிறுத்துவோம்.

எழுத்தெல்லாம் சரியாக இருந்தது. இதில் என்ன தப்பு?

"கதவுச் சத்தங் கேட்டா எதுக்குங்க டீச்சர் பாட்ட நிறுத்தோணும்? எங்கூட்டுல நாங்க ஓடுவோம்."

எங்கே ஓடுவாய் என்று கேட்டாள்.

கதவைத் திறக்க என்றாள் நிவிஷா. அவள் அப்பா லாரியில் போய் வருபவர். வந்தால் தாழ்ப்பாளை யார் எடுப்பது என்று தம்பிக்கும் அவளுக்கும் அடிதடியாம். மாடி வீட்டையும் முருங்கை மரத்தையும் வாய் பேசாமல் ஒப்புக்கொண்டவள், இந்த ஒரு வரியை ஒப்புக்கொள்வதாக இல்லை.

யார் யார் வீட்டில் பாட்டை நிறுத்துவீர்கள் என்று டீச்சர் மற்றவர்களைக் கேட்டாள்.

எல்லாக் கைகளும் உயர்ந்தன. மோனிஷ் இரண்டு கைகளையும் தூக்கினான்.

எந்தக் கை நிஜம், எந்தக் கை பலகையைப் பார்த்துத் தூக்கியது? பிரித்துச் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை. பயமாக இருந்தது.

அந்த வரியை எழுதும்போது அவள் யோசிக்கவே இல்லை. முருங்கை மரம் மாதிரி அதுவும் கணவனின் அந்த வீட்டில் இருந்த ஒன்று. எல்லா வீட்டிலும் இருக்கும் என்றே நினைத்திருந்தாள்.

கதவுச் சத்தம். மகள் தன் வாயைத் தானே பொத்திக்கொள்வாள். கணவன் ஒன்றும் சொல்ல மாட்டான். செருப்பைக் கழற்றிவிட்டு இருவரையும் பார்ப்பான்.

அவ்வளவுதான்.

இதையா சித்தப்பாவிடம் சொல்வது?

அவள் பலகையை அழித்தாள்.

"நாங்களும் அழிக்கோணுங்களா டீச்சர்?" என்றான் மோனிஷ்.

தலையசைத்தாள். வகுப்பு முழுக்க ரப்பர் தேயும் சத்தம். நிவிஷா மட்டும் அழிக்காமல் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். டீச்சர் பக்கத்தில் போய் எட்டிப் பார்த்தாள். பார்த்து எழுதவந்த பிள்ளையிடம் மறைப்பது போல் நிவிஷா கையை வைத்து மறைத்துக்கொண்டாள்.

சாப்பாட்டு மணி அடித்தது.

மேஜை மேல் போன் அதிரத் தொடங்கியது.

அவள் போனுக்குப் போகவில்லை. சாக்பீஸை எடுத்தாள்.

எங்கள் வீடு ஒரே அறை.

கதவுச் சத்தம் கேட்டாலும் பாடுவோம்.

தட்டுகளோடு எழுந்தவர்கள் மறுபடி உட்கார்ந்து பென்சிலை எடுத்தார்கள்.

"இதப் பாத்து யாரும் எழுதாதீங்க கண்ணுகளா. இது என் வீடு."

பென்சில்கள் அப்படியே நின்றன. பலகையில் இருப்பதை எழுதாமல் வேறு என்ன செய்வது என்று அவர்களுக்குப் புரியவில்லை.

அவள் கையிலிருந்த சாக்பீஸ் தூளைச் சேலையில் துடைத்துக்கொண்டு போய்ப் போனை எடுத்தாள்.