விட்டுப்போன புள்ளி

“மூவாயிரத்தையும் கொன்னது நான்தான் சார். ஜானகிக்கா இல்ல.”

தலையைத் தூக்காமலே சூப்பர்வைசர் லாவண்யா சொல்லி முடித்தாள். நர்சரி முதலாளி அனந்தபத்மநாபன் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

கூர்க் காபி எஸ்டேட் ஒன்றுக்காக ட்ரேக்களில் வளர்த்த சில்வர் ஓக் நிழல்மரக் கன்றுகள் அவை. மூன்று நாள் லீவு முடிந்து திங்கட்கிழமை வந்து பார்த்தால், அத்தனையும் இலை கருகிச் சுருண்டு கிடந்தன. லாவண்யா ஒன்றை உருவிப் பார்த்தாள். மண்ணோடு பஞ்சு மாதிரி லேசாகக் கையில் வந்தது.

“உரம் ஜாஸ்தியாயிடுச்சு. வேரெல்லாம் வெந்துபோச்சு” என்றார் முதலாளி. லீவு நாளில் வந்து தண்ணீர் விட்டு, உரத்தைக் கரைத்து ஊற்ற வேண்டியவள் ஜானகி. இருபது பேருக்கு முன்னால் அவளை நிற்க வைத்துக் கத்தினார். ஜானகி வாயே திறக்கவில்லை. அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பிவிட்டார்.

அவர் கத்திக்கொண்டிருந்தபோதுதான் ஷெட் சுவரில் தான் எழுதி மாட்டியிருந்த உர அளவுச் சீட்டை லாவண்யா பார்த்தாள். ‘லிட்டருக்கு 25 கிராம்.’ இரண்டரை கிராம் என்று இருக்க வேண்டும். நடுவில் புள்ளி விட்டுப்போயிருந்தது.

சொல்லியிருக்கலாம். ஜானகி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டைத் தாண்டும்போதாவது ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். லாவண்யா செய்தது வேறு. யாரும் பார்க்காத நேரத்தில் அந்தச் சீட்டைக் கிழித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

நான்கு நாள் சோறு இறங்கவில்லை. மற்ற பெண்கள் “குட் மார்னிங் மேடம்” என்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஐந்தாம் நாள் கிழிந்த சீட்டோடு முதலாளி முன்னால் வந்து நின்றுவிட்டாள்.

“புள்ளிய விட்டதுகூடப் பரவால்லம்மா. அவள நான் அவ்ளோ பேசும்போது பக்கத்துலயே நின்னுட்டு இருந்தியே” என்றார் அவர். “நாளைலேருந்து நீ வர வேணாம். ஜானகிய வரச் சொல்லு.”

ஜீவனஹள்ளியில் ஜானகி வீட்டைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. அவள் வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். லாவண்யாவைக் கண்டதும் பதறி எழுந்தாள்.

“வாங்க மேடம்... உள்ள வாங்க.”

“மேடம்னு கூப்பிடாதீங்கக்கா. எனக்கு அந்த யோக்கியத இல்ல.” லாவண்யா ஈரமாக இருந்த அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். “சீட்டுல தப்பா எழுதுனது நான். உங்களத் திட்டும்போது பாத்துட்டுச் சும்மா நின்னேன். நீங்க ஒரு வார்த்த பேசல. சீட்டுல இருந்ததத்தானே போட்டேன்னு என்னக் கைகாட்டி இருக்கலாம். எனக்காகப் பொறுத்துக்கிட்டீங்க.”

ஜானகி கையை மெல்ல இழுத்துக்கொண்டாள்.

“முதலாளிகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். நாளைக்கு உங்கள வேலைக்கு வரச் சொல்லிட்டாரு.”

“அப்ப உங்க வேல?”

“போயிடுச்சுக்கா. போவட்டும். இன்னிக்காவது தூக்கம் வரும்.”

ஜானகி அப்படியே படியில் உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. லாவண்யா குனிந்து, “அழாதீங்கக்கா, தப்பு என்னோடது” என்றாள்.

“அய்யோ, ஏன் மேடம் போய்ச் சொன்னீங்க?” விரல்களுக்கு நடுவிலிருந்து குரல் வந்தது. “அந்த மூணு நாளும் நான் கே.ஜி.எஃப்ல தங்கச்சி வீட்ல இருந்தேன்.”

லாவண்யாவுக்குப் புரியவில்லை. ஜானகி அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

“செடிக்கு உரம் என்ன, தண்ணிகூட ஊத்தல மேடம்.”